அத்தை வீட்டுக் கணினி

சாந்தி அத்தை: செந்தில், அந்தப் பழைய கணினி மறுபடியும் தானாக அணைந்துவிட்டது. அதற்கு முன்னால் ஃபேன் போட்ட இரைச்சலில் பேசுவதே கேட்கவில்லை.

பாலு மாமா: பவர் சப்ளை போயிருக்கும். மாற்றிவிடலாம்.

தீபா: அப்பா, அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

செந்தில்: பொறுங்கள். அத்தை, அணைந்தவுடன் திரும்பப் போட்டால் என்ன ஆகிறது?

சாந்தி அத்தை: ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் ஓடுகிறது.

செந்தில்: அப்படியென்றால் சூடுதான். பவர் சப்ளையும் சூட்டில் அணையக்கூடும் மாமா, ஆனால் முதலில் ஃபேன் கத்துவதால் எனக்குக் கணினியின் மூளையான பிராசசர் மேல்தான் சந்தேகம். அது சூடாகச் சூடாக, அது பொருந்தியிருக்கும் பலகையான மதர்போர்டு ஃபேனை வேகமாகச் சுற்ற வைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் மின்சாரம் துண்டிக்கப்படும்.

சாந்தி அத்தை: கடைசியில் வீடியோ திக்கித் திக்கி ஓடியது இதனால்தானா!

செந்தில்: அதேதான்.

பாலு மாமா: அணைவதுதானே தொல்லை? அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்க முடியாதா?

செந்தில்: அது உயிர்காக்கும் ஏற்பாடு மாமா! 2001 வாக்கில் இருந்த சில அத்லான் பிராசசர்களில் அது கிடையாது. பிராசசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் கழன்றால் சில நொடிகளில் கருகிவிடும். அதே சமயத்துப் பென்டியம் 4 பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்துவிடும்.
தீபா, ஆறிய பிறகு கணினியைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் வெப்பநிலையையும் ஃபேன் சுற்றையும் பார்த்துச் சொல்.

தீபா: 91 டிகிரி. ஃபேன் 3,400 சுற்று.

செந்தில்: வேலையே இல்லாமல் 91! ஏறக்குறைய இதில் பாதிதான் இருக்க வேண்டும். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது, சூடுதான் அதனிடம் வந்து சேரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்று. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பார்.

தீபா: நடுவே என்று ஒன்றுமே இல்லை அண்ணா, முழுக்கத் தூசு. அம்மா வாக்குவம் கிளீனரோடு வருகிறார்!

செந்தில்: வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் பலகையைக் கெடுத்துவிடும். தூரிகையால் தட்டிவிட்டு ஊது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள், கண்டபடி சுழன்றால் பேரிங் தேய்ந்துவிடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். மாமா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பாலு மாமா: ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

தீபா: சுத்தம் செய்துவிட்டோம். இப்போது 76.

செந்தில்: இன்னும் அதிகம். அணைத்துவிட்டு ஹீட்சிங்கின் நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் ஊசிகளை மெதுவாக அசைத்துப் பார்.

தீபா: ஒன்று மேலே எழும்பி நிற்கிறது!

செந்தில்: அகப்பட்டது. அந்த மூலையில் ஹீட்சிங்க் பிராசசரை ஒட்டவே இல்லை. வெறுமனே அழுத்திவிட்டால் போதாது, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றி, பழையதை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட்டை மெல்லியதாக வைக்க வேண்டும். அதுவரை போடாதீர்கள்.

பாலு மாமா: இப்போதே கடைக்குப் போகிறேன். பேஸ்ட் மட்டும் போதுமா, அப்படியே ஒரு பவர் சப்ளையும்…

சாந்தி அத்தை: பேஸ்ட் மட்டும்.