கோல்ஃப் செட்டில் 7 அயன் 28 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் 43: அதற்குக் கீழே என்ன மட்டை சேர்ப்பது?

செம்பனை9:
வணக்கம் அண்ணன்மாரே. இதுவரை ஆடியது 70களின் பிளேடு (மெல்லிய தட்டைத் தலை கொண்ட பழைய வகை அயன்) செட், அதில் பிட்சிங் வெட்ஜ் (குறுந்தூர மட்டை) லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 52 டிகிரி. இப்போது டெய்லர்மேட் ஸ்டெல்த் கைக்கு வந்திருக்கிறது: 7 அயன் 28, பிட்சிங் வெட்ஜ் 43. சாண்ட் வெட்ஜ் (மணற்குழி மட்டை) மட்டும் பழைய 56. நம் தோட்டத்து 9 ஹோலில் 80, 90 மீட்டர் மிச்சமிருந்தால் கை தடுமாறுகிறது. 43 கிரீனை (குழி இருக்கும் புல்தளம்) தாண்டிப் போகிறது, 56 முன்னாலேயே விழுகிறது. லாஃப்ட் ஏன் இவ்வளவு குறைந்தது? 43ஐ வளைத்து 47 ஆக்கலாமா?

பழையபிளேடு:
தம்பி, அந்தக் காலத்தில் 4 டிகிரிப் படிதான் பொது வழக்கம். 4 அயன் 28, 5 அயன் 32, 6 அயன் 36, 7 அயன் 40, 8 அயன் 44, 9 அயன் 48, பிட்சிங் 52. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு டிகிரி ஏறி இறங்கும். ஆக, உங்கள் புது 7 அயன் அன்றைய 4 அயன். புது பிட்சிங் கிட்டத்தட்ட அன்றைய 8 அயன். அடியில் பொறித்திருக்கிற எண் வெறும் பெயர், டிகிரிதான் மட்டை.

காரணம் ஒன்றல்ல. மட்டைத் தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளும் வடிவத்தை கார்ஸ்டன் சோல்ஹைம் பிங் கம்பெனியில் கொண்டு வந்தார். 1982இல் வந்த பிங் ஐ2 அதை எல்லாரிடமும் சேர்த்தது. எடை ஓரத்துக்கும் கீழுக்கும் போனதும் பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். பழைய 40 டிகிரியை அப்படியே வைத்தால் ஏறி ஏறி அந்தரத்தில் நின்றுவிடும், எதிர்க்காற்றில் தூரமே வராது. அதனால் லாஃப்டைக் குறைத்தார்கள். பிறகு முகம் மெல்லிசானது, ஷாஃப்ட் (தண்டு) அரை அங்குலம் நீண்டது. பந்தின் வேகம் கூடியது. "7 அயன் தூரம் போகுது" என்று சொல்லி விற்கும் ஆசையும் இதில் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் முழுக்க ஏமாற்று என்று சொல்வது தவறு. இன்றும் டைட்டலிஸ்ட் 620 எம்பி மாதிரி பிளேடில் 7 அயன் 35, பிட்சிங் 47 கிடைக்கிறது. வடிவம் மாறினால் டிகிரியும் மாறுகிறது, அவ்வளவுதான்.

கிரிப்புக்கடை:
வளைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். 43ஐ 47 ஆக்குவது வேண்டவே வேண்டாம். அடித்து உருவாக்கிய மென்கார்பன் எஃகு என்றால் 2, 3 டிகிரி தாங்கும். வார்ப்பில் வரும் 17-4 ஸ்டெயின்லெஸ் கடினம். 1 டிகிரிக்கு மேல் போனால் கழுத்தில் விரிசல் விழலாம், இல்லை மெஷினை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். உள்ளே வெற்றிடமுள்ள தலை என்றால் தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று பலர் மறப்பது: லாஃப்டை 1 டிகிரி கூட்டினால் பவுன்ஸும் (மட்டையின் அடிப்பகுதி மண்ணில் சொருகாமல் தடுக்கும் கோணம்) 1 டிகிரி கூடும், குறைத்தால் 1 குறையும். நம் ஊரில் மழைக்குப் பிறகு கௌகிராஸ் (அகல இலைப் புல்) ஃபேர்வே, அதாவது கிரீனுக்குப் போகும் புல்பாதை, சேறாகக் கிடக்கும். அங்கே பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் மண்ணுக்குள் சொருகி நின்றுவிடும். யாராவது தூரம் வேண்டுமென்று லாஃப்டைக் குறைக்கக் கேட்டால் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் எல்லா மட்டையையும் லாஃப்ட் கேஜில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். புதுசிலேயே 1 டிகிரி பிசகு இருக்கலாம். பழைய 56 பல வருடம் அடிபட்டிருந்தால் 54 என்றுகூடக் காட்டலாம்.

பழையபிளேடு:
இடைவெளிக் கணக்கு இதோ. 43க்கும் 56க்கும் நடுவே 13 டிகிரி ஓட்டை. 48, 52 இரண்டும் சேர்த்தால் 5, 4, 4 என்று சீராகிவிடும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் 49 அல்லது 50 வாங்குங்கள், மிச்சத்தை அரை ஸ்விங்கில் சமாளிக்கலாம். பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்பதால் மேலே ஒன்றைக் கழிக்க வேண்டி வரலாம். கழிக்க வேண்டியது நீண்ட அயனைத்தான் (சிறிய எண் உள்ளவை). புது செட்டில் அவற்றுக்கிடையே 3 டிகிரி போலத்தான் இருக்கும், தூர வித்தியாசமும் சொற்பம். ஸ்விங் வேகம் குறைவு என்றால் 5 அயன் போதிய உயரம் போகாது, ஹைப்ரிட் (அயனும் வுட்டும் கலந்த வடிவ மட்டை) நல்லது.

செம்பனை9:
நன்றி அண்ணே. 28 டிகிரி 7 அயன் கிரீனில் நிற்காமல் உருள்கிறதே, அது லாஃப்டாலா?

கிரிப்புக்கடை:
பெரும்பாலும் ஆமாம். பந்து நிற்க இரண்டு வேண்டும்: சுழற்சியும், 45 டிகிரி பக்கமாக இறங்கும் கோணமும். வேகமாக அடிப்பவருக்கு 28 டிகிரியும் உயரமாகப் போய் இறங்கும். மெதுவாக அடித்தால் தாழப் பறந்து ஓடிவிடும். காய்ந்த கிரீனில் இது அப்பட்டமாகத் தெரியும். அந்தத் தூரத்துக்கு 7ஐ விட்டு அதிக லாஃப்ட் உள்ள ஹைப்ரிடைப் போட்டுப் பாருங்கள்.

சோதிக்கும்போது ஒரே ரகப் பந்து 10 எடுத்து ஒவ்வொரு மட்டையிலும் அடியுங்கள். அதிகத் தூரம் 2, குறைந்த தூரம் 2 தள்ளிவிட்டு, உருண்ட தூரத்தைச் சேர்க்காமல் பந்து விழுந்த இடத்தை மட்டும் குறியுங்கள். வெட்ஜுக்கு வெட்ஜ் 10 முதல் 15 மீட்டர் வந்தால் போதும்.