கொல்லிமலைக்கு 3×8 போதுமா, 1×11-க்கு மாறுவதா?

காரவள்ளி_சவாரி

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 27.5 அங்குல ஹார்ட்டெயில் சைக்கிள் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்). முன்னால் 42-32-22 பல் என மூன்று தட்டு, பின்னால் 8 ஸ்பீடு, அதாவது 11 முதல் 34 பல் வரை எட்டுச் சக்கரம் (3×8). ஊர் நாமக்கல் பக்கம் என்பதால் வார இறுதியில் பெரும்பாலும் கொல்லிமலைதான். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த பிறகு மேலே மண்பாதைகளில் சுற்றுவேன். இப்போது செயின் தேய்ந்துவிட்டது. கல் பாதையில் இறங்கும்போது கழன்று விழுகிறது. நடுத்தட்டிலிருந்து சின்னத் தட்டுக்கு மாற்றினால் சில நேரம் இறங்க மறுக்கிறது. ஒரு கடையில் கேட்டதற்கு "ஷிமானோ டியோர் 12 ஸ்பீடு போட்டுவிடலாம், எல்லாம் அப்படியே உட்காரும்" என்றார்கள். 15,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. முன்னால் ஒரே தட்டு, பின்னால் 11 சக்கரம் (1×11) என்று மாறலாமா? மாறினால் எது எதோடு சேரும்?

ஒத்தத்தட்டு

மாறலாம், ஆனால் 12-க்கு வேண்டாம். "அப்படியே உட்காரும்" என்றவரிடம் இரண்டாவது முறை எதையும் கேட்காதே. அந்த 12 ஸ்பீடு டியோர் எம்6100-இன் கேசட் (பின்பக்கப் பல் சக்கரத் தொகுதி) 10-51. அந்த 10 பல் சக்கரம் சாதாரண எச்.ஜி. ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் கேசட் ஏறும் உருளை, அதாவது பாடி) ஏறாது, மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை பாடி வேண்டும். உன் ஹப்புக்கு அந்த பாடி தனியாகக் கிடைக்காது என்றே வைத்துக்கொள். அப்படியானால் பின்சக்கரமே மாற வேண்டும்.

சரியான வழி 11 ஸ்பீடு டியோர் எம்5100. அதன் 11-51 கேசட் எச்.ஜி. பாடியிலேயே ஏறும். ஷிஃப்டர், ஆர்.டி. (பின்னால் செயினைப் பல் மாற்றி நகர்த்தும் கருவி), கேசட், செயின், முன்னால் 32 பல் நேரோ-வைடு தட்டு. முன்னால் தட்டு மாற்றும் எஃப்.டி.யையும் இடது ஷிஃப்டரையும் கழற்றி எறி. ஆர்.டி.யை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் அதில் இருப்பதால் செயின் துள்ளாது, கல் பாதையில் விழும் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

மூணுதட்டு

தம்பி, பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார். இப்போது உன் மிக இலகுவான கியர் 22-க்கு 34, முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் 0.65. ஒத்தத்தட்டு சொல்வது 32-க்கு 51, அதாவது 0.63. இந்த வித்தியாசம் கொல்லிமலை ஏறும் முழங்காலுக்குத் தெரியவே தெரியாது. மறுபக்கம் பார்: 42-க்கு 11 இருந்த இடத்தில் 32-க்கு 11. நிமிடத்துக்கு 90 மிதி போட்டால் இப்போது சுமார் 44 கி.மீ. வேகம் வரும், மாறிய பிறகு 34தான். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வரை சமதளத்தில் குழுவோடு போகும்போது சும்மா காலைச் சுற்றிக்கொண்டிருப்பாய்.

உன் சைக்கிளில் கெட்டுப்போனது செயின், கேசட், கேபிள். அதை மாற்று. சின்னத் தட்டுக்கு இறங்க மறுப்பதற்கு முக்கால்வாசி நேரம் துருப்பிடித்த கேபிளும் உறையும்தான் காரணம். மிச்சம் எஃப்.டி. கூண்டு உயரம்: பெரிய தட்டின் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு நீ சொன்ன தொகையில் கால்வாசி கூட வராது.

ஒத்தத்தட்டு

அண்ணா, கணக்கை முழுதாகப் போடுங்கள். 3×8 என்றால் 24 கியர் என்று பெட்டியில் அச்சடிப்பார்கள். 11-34 கேசட்டில் 11, 13, 15, 17, 20, 23, 26, 34 என்று இருக்கும். 42-க்கு 26 போட்டால் 1.62, 32-க்கு 20 போட்டால் 1.60. 22-க்கு 11 போட்டால் 2.0, அது 42-க்கு 20-இன் 2.1-ஐ ஒட்டியே நிற்கிறது. உருப்படியாகத் தனித்தனியாக எத்தனை தேறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதைவிட மோசம் அந்த கடைசித் தாவல். 26-லிருந்து நேரே 34. வளைவில் மூச்சு வாங்கும்போது ஒரே அழுத்தில் 30 சதவீதம் மாறுகிறது, காலடியில் படி காணாமல் போனது மாதிரி. எம்5100-இல் 33, 39, 45, 51 என்று ஏறும். கடைசித் தாவல் 13 சதவீதம்தான். மலை ஏறுபவனுக்கு வேண்டியது அந்தப் பக்கத்தில் நெருக்கமான படிகள். 44 கி.மீ. வேகம் அவன் கேட்கவே இல்லையே?

கிரீஸ்_கை

இரண்டு பேரும் பல் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்டவரின் பின்சக்கரத்தில் இருப்பது கேசட்டா, ஃப்ரீவீலா என்று யாரும் கேட்கவில்லை. 11-34 என்கிறார், அதனால் கேசட்டாக இருக்கலாம். ஆனால் 7, 8 ஸ்பீடு மலிவு வண்டிகளில் மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் நிறைய வருகிறது. அது இருந்தால் மேலே பேசிய எதுவும் ஏறாது, ஹப்பே வேறு. அந்த வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் கல் பாதையில் அச்சு வளையவும் செய்யும்.

பார்ப்பது எளிது. சக்கரத்தைக் கழற்றிப் பல் சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட். பள்ளம் அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுற்றினால் ஃப்ரீவீல்.

கேசட் என்றால் நல்ல செய்தி: 8, 9, 10 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே எச்.ஜி. பாடிதான், மலை வண்டிக்கான 11-உம் அதிலேயே ஏறும். ரோடு 11-க்குத்தான் கொஞ்சம் நீளமான பாடி வேண்டும்.

அடுத்தது முன்பக்கம். கிராங்கில் (மிதிக்கட்டை மாட்டும் கை) தட்டுகள் போல்ட் போட்டிருக்கிறதா, ரிவெட் அடித்திருக்கிறதா? ரிவெட் என்றால் தட்டை மட்டும் மாற்ற முடியாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய_இரும்பு

ஏன் இவ்வளவு சுற்று? சன்ரேஸ் கம்பெனியில் 8 ஸ்பீடு 11-40 கேசட் இருக்கிறது. பழைய ஷிஃப்டரே போதும். ஆர்.டி. எட்டவில்லை என்றால் ஹேங்கரில் (ஆர்.டி. தொங்கும் துண்டு) நீட்டிப்புத் துண்டு ஒன்று மாட்டினால் முடிந்தது.

கிரீஸ்_கை

மாட்டலாம், ஓடும். ஆனால் பொதுவாக 34 பல் வரைக்கும் செய்யப்பட்ட ஆர்.டி.யைக் கீழே இறக்கினால் மேல் கப்பி சின்னப் பற்களிலிருந்து விலகிவிடும், மாற்றம் மந்தமாகும். கிளட்சும் வராது. அவர் சொன்ன முதல் பிரச்சினையே செயின் விழுவது.

ஒன்பதாம்_பல்

அதற்கு மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் பார்க்கலாமே. 10 ஸ்பீடு, 11-48, எச்.ஜி. பாடியில் ஏறும், ஆர்.டி.யில் கிளட்ச் உண்டு. முன்னால் 30 போட்டால் 0.63 வந்துவிடும். ஒரு சந்தேகம்: ஷிஃப்டரை மட்டும் ஷிமானோ 10 வாங்கி அதோடு சேர்க்க முடியுமா? என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

கிரீஸ்_கை

முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் பணம் இழப்பது இங்கேதான். ஷிஃப்டர் ஒரு சொடுக்குக்கு இவ்வளவு கேபிள் இழுக்கும். அந்த இழுப்புக்கு ஆர்.டி. இவ்வளவு நகரும். இரண்டும் பொருந்தினால்தான் செயின் பல்லுக்கு நேரே நிற்கும். ஸ்பீடு எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மட்டும் பொருந்திவிடாது.

ஷிமானோவிலேயே பாருங்கள். 7, 8, 9 ஸ்பீடு ஆர்.டி.கள் ஒரு விகிதம். அதனால் 9 ஸ்பீடு ஷிஃப்டரோடு 8 ஸ்பீடு ஆர்.டி. ஒழுங்காக ஓடும். மலை வண்டியின் 10-க்கு வந்தபோது விகிதத்தை மாற்றினார்கள், 11-க்கு மறுபடி மாற்றினார்கள். ஆகவே பழைய 8 ஸ்பீடு ஆர்.டி.யை வைத்துக்கொண்டு 10 அல்லது 11 ஷிஃப்டர் வாங்கினால் வீண். ஸ்ராம் கம்பெனியின் கணக்கு தனி, மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் வரிசை தனி. 2023-இல் ஷிமானோவிடமிருந்து வந்த க்யூஸ் வரிசை 9, 10, 11 மூன்றையும் ஒரே இழுப்புக்குக் கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் அது லிங்க்கிளைடு என்ற தனி வகை கேசட்டோடு ஓட வேண்டியது. டியோர் 10 கேசட்டை அதில் போட்டால் பல் இடைவெளி ஒத்துவராது. ஷிஃப்டர், ஆர்.டி., கேசட் மூன்றையும் ஒரே குடும்பத்தில் எடுங்கள். செயினில் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

மூணுதட்டு

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 8 ஸ்பீடு செயின் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் தொங்கும். காரவள்ளி அடிவாரத்தில் 11 ஸ்பீடு குயிக் லிங்க் (செயினைக் கோக்கும் கண்ணி) கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். ஹேங்கர் லேசாக வளைந்தாலும் 8 ஸ்பீடு பொறுத்துக்கொள்ளும், 11 பொறுக்காது. செயினை 8-இல் 0.75 சதவீதம் நீளும் வரை ஓட்டலாம், 11-இல் 0.5-லேயே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேசட்டைத் தின்றுவிடும். அந்த கேசட் விலையை யாராவது இங்கே எழுதுங்களேன்.

ஒத்தத்தட்டு

குயிக் லிங்க் விரல் நகத்தளவு அண்ணா. இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அடிவாரக் கடைக்காரருக்கு ஏன் தொந்தரவு? ஹேங்கருக்கும் அதே பதில், எந்த வண்டியாக இருந்தாலும் மலைக்கு ஒன்று உபரியாக எடுத்துப் போக வேண்டும். கேசட் விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் செயினை அளந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் 11-ஐப் பரிந்துரைப்பதே இல்லை.

காரவள்ளி_சவாரி

பார்த்துவிட்டேன். பின்னால் கேசட்தான், பள்ளமும் சேர்ந்து சுற்றுகிறது. முன்னால் ரிவெட். பி.பி. (கிராங்க் சுழலும் நடு அச்சு) சதுர அச்சு. அப்படியென்றால் கிராங்கும் வாங்க வேண்டுமா?

மூணுதட்டு

ஆமாம். ஒற்றைத் தட்டுக் கிராங்க் போட்டால் செயின்லைன் (முன்தட்டும் பின் சக்கரங்களும் நேர்க்கோட்டில் நிற்பது) பார்க்க வேண்டும், அதற்கு பி.பி. அச்சு நீளமும் மாறலாம், அதைக் கழற்ற டூல் வேண்டும். 15,000 எங்கே நிற்கும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

ஒத்தத்தட்டு

ரிவெட் கிராங்கை வைத்து வண்டி விற்பதைத் தடை செய்ய வேண்டும். வேறென்ன சொல்ல. ஆனாலும் அண்ணா, அவர் புதுச் செயின் போடும்போது அந்தத் தேய்ந்த தட்டும் பல்லைக் காட்டும். உங்கள் வழியில் போனாலும் ஒருநாள் கிராங்க் வாங்கியே தீர வேண்டும்.

கிரீஸ்_கை

அதனால் இரண்டாகப் பிரித்துச் செய்யலாம். இப்போது 8 ஸ்பீடு செயின், அதே 11-34 கேசட், எல்லாக் கேபிளும் உறையும். கிராங்க் தேய்ந்திருந்தால் போல்ட் போட்ட 104 மி.மீ. பி.சி.டி. (போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) கிராங்க் வாங்குங்கள், மூன்று தட்டே இருக்கட்டும். பின்னால் பணம் சேர்ந்ததும் அதே கிராங்கில் பெரிய தட்டையும் சின்னத் தட்டையும் கழற்றிவிட்டு, நடுத்தட்டு இடத்தில் 32 நேரோ-வைடு போடலாம். நடுத்தட்டு இருந்த இடம் என்பதால் செயின்லைன் பெரிதாகக் கெடாது. அதோடு எம்5100 ஏறும். எஃப்.டி. இருக்கும்வரை நேரோ-வைடு போடாதீர்கள். அகலப் பல்லும் ஒடுங்கிய பல்லும் மாறி மாறி வருவது செயினைப் பிடித்து வைக்கத்தான், தட்டு மாற்ற விடாது.

செயின் விழுவதற்கு இப்போதைக்கு நீளத்தைப் பாருங்கள். தேவைக்கு மேல் இரண்டு கண்ணி அதிகம் இருந்தாலே தொங்கும். இறங்கும்போது 22-லிருந்து நடுத்தட்டுக்கு வந்துவிட்டால் பாதி குறையும்.

காரவள்ளி_சவாரி

அப்படியே செய்கிறேன். மழைக்கு முன் செயின், கேசட், கேபிள். கிராங்க் 104 மி.மீ. போல்ட் போட்டதாகத் தேடுகிறேன். 11 ஸ்பீடு அடுத்த வருடம்.

ஒத்தத்தட்டு

அப்போது 116 கண்ணி செயினை வாங்கிவிட்டு இரண்டு கண்ணி குறைகிறது என்று நிற்காதே. 51 பல்லுக்கு நீளம் கூடுதலாக வேண்டும், 126 வாங்கி வெட்டிக்கொள். பழைய செயினோடு ஒப்பிட்டு அளக்கவும் கூடாது.

மூணுதட்டு

அடுத்த வருடம் அந்த இடது ஷிஃப்டரையும் எஃப்.டி.யையும் எறியப்போவது உறுதி என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. தபால் செலவு என்னுடையது.