அவசரம்: தொட்டிச் செடிகள் எல்லாம் மஞ்சளாகின்றன, எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

செல்வி_தண்டையார்பேட்டை (ஞாயிறு, காலை 6:40)
எல்லாருக்கும் வணக்கம். மாடியில் வைத்திருக்கிற செடிகள் எல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போடுகிறேன். எங்கள் தண்ணீர் உப்பு, அதனால்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வேறு எந்தத் தண்ணீர் ஊற்றினால் பிழைக்கும்? கேன் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா? ரோஜாவில் இரண்டு கொம்பு காய்ந்துவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள்.

மொட்டைமாடி_மணி (காலை 7:05)
சகோதரி, என்னென்ன செடி? இப்போது ஊற்றுவது போர் தண்ணீரா, மெட்ரோவா (குடிநீர் வாரியத் தண்ணீர்), லாரியா? மஞ்சள் புது இலையில் வருகிறதா, அடியில் இருக்கும் பழைய இலையிலா? நரம்பு பச்சையாக இருக்கிறதா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

கீரைக்காரம்மா (காலை 7:20)
கறிவேப்பிலை இருந்தால் அதற்குப் புளித்த மோர் ஊற்றும்மா. ஒரு டம்ளர் மோருக்கு நாலு டம்ளர் தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒரு தரம். எங்கள் மாமியார் காலத்திலிருந்து செய்கிறோம், இலை கருகருவென்று வரும். உப்புப் போட்ட மோர் வேண்டாம், அதை மட்டும் பார்த்துக்கொள்.

வேர்_விழுது (காலை 7:48)
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாகிவிட்டது, பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். செடி மஞ்சளானால் உடனே தண்ணீர்மேல் பழி போடுவது புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களின் வழக்கம். "தினமும் ஊற்றுகிறேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது: வேர் அழுகல். நாலு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

ராயபுரம்_ரோஜா (காலை 8:10)
மே மாதத்தில் மொட்டை மாடியில் இருக்கும் தொட்டிக்கு நாலு நாள் தண்ணீரை நிறுத்துவதா? அண்ணா, செடி கருவாடாகிவிடும்.

செல்வி, நான் கடலுக்கு அரை கிலோமீட்டரில் இருக்கிறேன். எங்கள் போர் தண்ணீரில் ரோஜா ஒருபோதும் பிழைத்ததில்லை. காகிதப்பூ, அரளி, கற்றாழை எல்லாம் அதே தண்ணீரில் ஜோராக நிற்கின்றன. உங்கள் மாடியிலும் சில செடி மட்டும் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே பாதி பதில் சொல்லிவிடும்.

வியாசை_வேலு (காலை 8:31)
ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். மஞ்சள் என்றாலே மக்னீசியக் குறைதான். முட்டை ஓட்டுத் தூளும் போடுங்கள்.

மொட்டைமாடி_மணி (காலை 8:40)
வேலு, கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும்தான் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கின்றன. அதற்கு மேல் முட்டை ஓடு எதற்கு? அவர் பதில் வரட்டும், பொறுங்கள்.

செல்வி_தண்டையார்பேட்டை (காலை 11:15)
மன்னிக்கவும், சமையலில் இருந்தேன். மொத்தம் 14 தொட்டி. ரோஜா 4, மல்லி 3, கறிவேப்பிலை 2, அவரை 2, கற்றாழை, செம்பருத்தி, துளசி. ரோஜாவிலும் கறிவேப்பிலையிலும் புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அவரையில் இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பு. கற்றாழை நன்றாக இருக்கிறது. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டைல்ஸ் கறையாகக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறேன்.

தண்ணீர்: குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீர். இரண்டு மாதமாக. வீணாகப் போகிறதே என்று பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன். மெஷினுக்குப் போவது போர் தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் 1400 காட்டுகிறது.

மொட்டைமாடி_மணி (காலை 11:22)
இதைத்தானம்மா முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

வேதியியல்_டீச்சர் (மதியம் 12:50)
செல்வி, வீணாக்கக் கூடாது என்று நினைத்தது நல்ல மனசு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மெஷினுக்குள் பத்து லிட்டர் போனால், வீட்டு மெஷின்களில் சுமாராக மூன்று லிட்டர் குடிதண்ணீராக வரும், ஏழு லிட்டர் வெளியே போகும். அந்தப் பத்து லிட்டரில் இருந்த உப்பு எங்கே போனது? ஏறக்குறைய முழுவதும் அந்த ஏழு லிட்டரில்தான். மீட்டரில் 1400 என்றால் லிட்டருக்கு 1400 மில்லிகிராம், அதாவது 1.4 கிராம். பத்து லிட்டருக்கு 14 கிராம். அதை ஏழால் வகுத்தால் லிட்டருக்கு 2 கிராம். தினம் ஒரு லிட்டர், அறுபது நாள். ஒரு தொட்டிக்குள் 120 கிராம் உப்பு போயிருக்கிறது. வீட்டில் ஒரு கிண்ணத்தில் 120 கிராம் கல் உப்பை அளந்து வைத்துப் பாருங்கள், மனசு பகீரென்னும். அடியில் தட்டு வேறு. வடிந்ததைச் செடி மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது, உப்பு வெளியேற வழியே இல்லை.

இன்னொன்று. கடினத்தன்மை வேறு, உப்புத்தன்மை வேறு. இரண்டையும் நாம் "உப்புத் தண்ணி" என்று ஒரே பேரில் சொல்வதால்தான் வைத்தியம் தப்பிப் போகிறது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும் என்றால் அது கடினத்தன்மை: கால்சியம், மக்னீசியம், கூடவே பைகார்பனேட். இந்தப் பைகார்பனேட் தொட்டி மண்ணை மெல்ல மெல்லக் காரத்தன்மைக்குத் தள்ளும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் துளிர் மஞ்சளாகவும் நரம்பு பச்சையாகவும் வருகிறது. உங்கள் ரோஜாவும் கறிவேப்பிலையும் சொல்வது இதைத்தான். மக்னீசியக் குறையாக இருந்தால் பழைய இலையில்தான் முதலில் தெரியும், வேலு.

வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அது சோடியம், குளோரைடு. இலை ஓரம் தீய்வது அதன் வேலை. உங்கள் அவரை அதற்குச் சாட்சி, அவரை வகைகள் உப்பைத் தாங்காது. ஆக உங்கள் மாடியில் இரண்டும் இருக்கின்றன. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் காட்டும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

வேர்_விழுது (மதியம் 1:30)
இந்திய குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-ல், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் டிடிஎஸ் 2000 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. மனிதன் குடிக்கலாம் என்றால் செடி குடிக்காதா? தரநிலை எதையும் படிக்காமல் பயமுறுத்தாதீர்கள்.

வேதியியல்_டீச்சர் (மதியம் 1:55)
படித்திருக்கிறேன் ஐயா. ஏற்கத்தக்க அளவு 500, மாற்று வழி இல்லாவிட்டால் மட்டும் 2000. நமக்குச் சிறுநீரகம் இருக்கிறது, தொட்டி மண்ணுக்கு இல்லை. செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். பாசனத் தண்ணீருக்கு எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) தனி அளவு வைத்திருக்கிறது: 450-க்குக் கீழே கவலையில்லை, 450 முதல் 2000 வரை கவனம் தேவை, அதற்கு மேல் கடுமையான கட்டுப்பாடு. அதுவும் நிலத்துக்குச் சொன்னது. பதினைந்து லிட்டர் தொட்டியில் வேர் ஒதுங்கவே இடம் கிடையாது.

ராயபுரம்_ரோஜா (மதியம் 2:20)
டீச்சர், எலுமிச்சை பிழிந்து ஊற்றலாமா? கொதிக்க வைத்து ஆற வைத்தால்? சாஃப்ட்னர் மெஷின் வைத்த தண்ணீர்?

வேதியியல்_டீச்சர் (மதியம் 3:05)
எலுமிச்சை, வினிகர், கீரைக்காரம்மா சொன்ன புளித்த மோர் மூன்றுமே புளிப்பு. பைகார்பனேட்டைக் குறைக்கும். மாமியார் வைத்தியம் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் கரிக்கும் உப்பை அவற்றால் தொடவே முடியாது. கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும், சோடியம் அப்படியே இருக்கும். கேஸ்தான் செலவு. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. சாஃப்ட்னர் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிற மெஷின் அது. துணிக்கு நல்லது, செடிக்குக் கெடுதல்.

செல்வி, இப்போது செய்ய வேண்டியது: தட்டுகளை இன்றே எடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, தொட்டி கொள்ளளவைப் போல மூன்று பங்கு தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். அடியில் வடிவதை ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை வைத்துப் பாருங்கள்.

கொடுங்கையூர்_குமார் (மாலை 4:40)
ஒரு நிமிஷம். 14 தொட்டி, பதினைந்து லிட்டர், மூன்று பங்கு. 630 லிட்டர் ஆகிறது. எங்கள் தெருவில் கைப்பம்பில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் மெட்ரோ தண்ணீர். காலை நாலரைக்கு எழுந்து அடித்தால் எட்டுக் குடம். கோடையில் அதுவும் சில நாள் மண்ணும் காற்றுமாகத்தான் வரும். குடிக்கிற தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றச் சொல்வது நியாயமா? வடசென்னையில் இருந்துகொண்டு இப்படிப் பேசக் கூடாது.

வியாசை_வேலு (மாலை 5:02)
மெட்ரோ தண்ணீரே கடல் தண்ணீர்தானே? மீஞ்சூரிலிருந்து வருவது. அதிலும் உப்பு இருக்கும், அதை ஊற்றியும் பிரயோஜனம் இல்லை.

மொட்டைமாடி_மணி (மாலை 5:15)
வேலு, நீங்கள் சொல்கிற மீஞ்சூர் ஆலை, 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கியது, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அது கடல் தண்ணீரின் உப்பை எடுத்துவிட்டு அனுப்புவதற்காகவே கட்டியது. புழல் ஏரித் தண்ணீரும் நமக்கு வருகிறது. எங்கள் வீட்டுக் குழாயில் 300-க்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது. கடல் உள்ளே வந்தது நிலத்தடியில். மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே பதிவாகியிருக்கிற சேதி அது. நாம் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச இன்னும் உள்ளே வரும்.

கீரைக்காரம்மா (மாலை 5:40)
குமார் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2019-ல் குடத்தோடு ராத்திரி ஒரு மணிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த வருஷம் என் மல்லி முழுக்கப் போனது. குடிதண்ணீரை அதற்கு ஊற்ற மனசு வரவில்லை. ஆனால் செடியைச் சாக விட்ட வருத்தமும் இன்னும் போகவில்லை.

வேர்_விழுது (மாலை 5:58)
விவாதம் தலைப்பை விட்டுப் போகிறது. குடிநீர்ப் பங்கீட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

கொடுங்கையூர்_குமார் (மாலை 6:10)
தலைப்பே "எந்தத் தண்ணீர்" என்பதுதானே அண்ணா? யாருடைய தண்ணீர் என்பதும் அதற்குள் வரும்.

வேதியியல்_டீச்சர் (மாலை 6:45)
குமார், சரியான இடத்தில் நிறுத்தினீர்கள், நான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். கழுவுவதற்கு மெட்ரோ வேண்டாம். போர் தண்ணீரே போதும். மண்ணுக்குள் இருக்கும் உப்பு 1400-ஐ விடப் பல மடங்கு அதிகம், அதனால் போர் தண்ணீரும் அதைக் கரைத்து இறக்கிவிடும். கடைசியில் தொட்டிக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். கற்றாழைக்கு இது எதுவும் வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் இரண்டும் மெட்ரோவில் களைந்ததாக இருந்தால் அதுவே தினசரிக்கு ஆகும்.

ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம், அதில் உப்பே இருக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரிக்குப் பக்கெட்டில் நன்றாகவே சேரும். பூச்செடிக்கு ஊற்றுங்கள், கீரைக்கு வேண்டாம். ஏசியின் உள்ளே தூசியும் உலோகமும் பட்டு வருவது அது.

ராயபுரம்_ரோஜா (இரவு 8:20)
மழைத் தண்ணீரை யாருமே சொல்லவில்லையே! ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நூறு சதுர அடி மாடியில் பத்து மில்லிமீட்டர் மழைக்குத் தொண்ணூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும். நான் ஐப்பசியில் இரண்டு நீல டிரம் நிரப்பி வைத்தால் தை வரை ரோஜாவுக்கு வருகிறது. முதல் மழையை மட்டும் பிடிக்காதீர்கள். நம் பக்கம் மாடியில் படிகிற கரியை விரலால் தொட்டாலே மை மாதிரி ஒட்டும், அது கழுவிப் போகட்டும். டிரம் வாயில் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள், டெங்கு பயம் இருக்கிறது.

மொட்டைமாடி_மணி (இரவு 8:50)
கழுவின பிறகும் துளிர் மஞ்சளாகவே வந்தால், உரக்கடையில் இரும்புச் சத்து கேட்கும்போது இடிடிஎச்ஏ (EDDHA) வகை என்று சொல்லிக் கேளுங்கள், காரமான மண்ணிலும் இரும்பை வேர் எடுக்கும்படி பிடித்து வைக்கும். இடிடிஏ (EDTA) வகை அப்படி நிற்காது. விலை கூடத்தான், ஆனால் துளியூண்டு போதும். அப்புறம் செல்வி, தொட்டி மண் என்ன கலவை? கழுவாத தென்னை நார்க் கழிவாக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கும்.

வியாசை_வேலு (திங்கள், காலை 9:10)
செல்வி அக்கா எங்கே? நாம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செல்வி_தண்டையார்பேட்டை (21 நாள் கழித்து, காலை 5:55)
எல்லாருக்கும் நன்றி. பையனுக்குப் பள்ளிச் சேர்க்கை அலைச்சல், எழுத முடியவில்லை.

ரோஜாத் தொட்டியில் முதலில் வடிந்த தண்ணீர் டம்ளரில் டீ நிறத்தில் இருந்தது, மீட்டர் 4100 காட்டியது. மூன்று நாள் போர் தண்ணீரில் கழுவினேன், 1700-க்கு வந்தது. தட்டுகளை எடுத்துவிட்டேன். ஆர்ஓ கழிவு இப்போது பாத்ரூம் கழுவப் போகிறது. ரோஜாவுக்கும் மல்லிக்கும் அரிசி களைந்த தண்ணீரும் பக்கத்து வீட்டு அக்காவின் ஏசி தண்ணீரும்தான். கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றினேன் கீரைக்காரம்மா.

மூன்று ரோஜாவில் துளிர் செம்பு நிறத்தில் வந்து பச்சையாக விரிகிறது. நாலாவது போய்விட்டது. அவரை இரண்டும் போய்விட்டன. மல்லி இன்னும் தெரியவில்லை. மண் கலவை நர்சரியில் வாங்கினது, என்ன போட்டார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன் மணி அண்ணா.

பம்பில் தண்ணீர் வந்துவிட்டது, குடம் வைக்கப் போகிறேன்.