கொள்ளுத்தாத்தா இறந்த தேதியே தெரியவில்லை, இரங்கல் செய்தியை எங்கே தேடுவது?

கேள்வி: கொள்ளுத்தாத்தா 1950-களின் நடுவில் இறந்தார், வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் ஆண்டைச் சொல்லுங்கள் என்கிறார்கள், அதைத்தானே நான் தேடிக்கொண்டிருக்கிறேன்! அவரைப் பார்த்தவர்களில் ஒரே ஒரு அத்தைதான் மிச்சம், அவர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

பதில்: முதலில் அத்தையிடம் பேசுங்கள், இன்றைக்கே. தேதி கேட்காதீர்கள், "அப்போது யாருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, எந்தக் குழந்தை கைக்குழந்தை" என்று கேளுங்கள், ஆண்டு தானாக வந்து விழும். சொத்து வாரிசு பெயருக்கு மாறிய பத்திரத்தையும் பாருங்கள், இறப்பு அதற்கு முன்புதான்.

பதில்: நாளிதழில் தேடும்போது இறந்த நாளோடு நிறுத்தாதீர்கள், அடுத்த இரண்டு வாரமும், முதலாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டிய இதழ்களும் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த பழைய பக்கங்களில் கணினி எழுத்துகளைத் தப்பாகப் படித்துவிடும், அதனால் மனைவி பெயர், தெருப் பெயர் போட்டும் தேடுங்கள்.

பதில்: குடும்ப வரலாற்றுப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இலவசம். பழைய ஆவணங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை டிஜிட்டலாக்கும் வேலையை 2021-இல் முடித்தார்கள். தளத்தின் பெயர் அட்டவணையில் அவர் பெயர் இல்லையென்றால் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள், நான் என் பாட்டியை அப்படித்தான் கண்டுபிடித்தேன், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்புறம், இறப்புப் பதிவில் இருக்கும் வயதை அப்படியே நம்பாதீர்கள், துக்கத்தில் இருந்த யாரோ சொன்னதுதான் அது.

கேள்வி கேட்டவர்: அத்தையிடம் பேசிவிட்டேன். அப்பா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாராம். அப்படியானால் 1954!