கம்பெனி வக்கீலிடம் சொன்னது யாருடைய ரகசியம்?

பாகலூர் ரோடு:
ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், மெஷினில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர் நான். போன மாதம் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. மெஷினில் பாதுகாப்பு சென்சாரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். யார் சொல்லிக் கழற்றியது என்று சட்டப் பிரிவு மேனேஜர் விசாரித்தார். "வக்கீலிடம் பேசுவது வெளியே போகாது" என்றார். உள்ளதைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். நிஜமாகவே போகாதா?

ஹெச்ஆர் அண்ணாச்சி:
போகாது தம்பி. 1981ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்ஜான் என்ற மருந்துக் கம்பெனி வழக்கிலேயே சொல்லிவிட்டது, மேலதிகாரிகள் மட்டுமல்ல, கீழ்மட்ட ஊழியர் கம்பெனி வக்கீலிடம் சொன்னதற்கும் பாதுகாப்பு உண்டு. அது இல்லாவிட்டால் எவன் வாயைத் திறப்பான்?

கோர்ட் வாசல்:
அண்ணாச்சி, அது அமெரிக்கா. அங்கேயும் அந்த உரிமை கம்பெனிக்குத்தான், தம்பிக்கு இல்லை. கம்பெனி நினைத்தால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம். அதனால்தான் அங்கே பேசுவதற்கு முன்பே "நான் உங்கள் வக்கீல் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே யார் சொல்கிறார்கள்? அப்புறம், 2025 அக்டோபர் 31 அன்று நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரி கோர்ட்டில் வாதாடும் வக்கீல் அல்ல, வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதைக் காக்கும் 2023 சாட்சியச் சட்டம் 132வது பிரிவு அவருக்குக் கிடையாது.

ஹெச்ஆர் அண்ணாச்சி:
சட்ட ஆலோசகரிடம் பேசியதை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 134வது பிரிவு இருக்கிறதே?

கோர்ட் வாசல்:
கம்பெனி வெளி வக்கீலை வைத்து, அவரிடம் சட்ட அதிகாரி பேசினால் அது பொருந்தும். முதலாளிக்கும் சட்ட அதிகாரிக்கும் நடுவில் நடந்த பேச்சுக்குப் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது.

ஹெச்ஆர் அண்ணாச்சி:
சரி, சட்டம் அப்படியே இருக்கட்டும். இருபது வருஷம் விபத்து விசாரணை பார்த்தவன் சொல்கிறேன். ரகசியம் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னால் ஒருத்தனும் சென்சார் பற்றிப் பேச மாட்டான். அடுத்த விரலும் போகும்.

கோர்ட் வாசல்:
பொய் நம்பிக்கை கொடுத்துப் பேச வைப்பது அதைவிட மோசம். நாளைக்கு பழி தம்பி மேல் விழுந்தால் அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும். இன்னொன்று, எங்கே போனாலும் ரகசியம் என்பது பேச்சுக்குத்தான், நடந்த சம்பவத்துக்கு இல்லை. சென்சார் எப்போது கழன்றது என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டால், "வக்கீலிடம் சொல்லிவிட்டேன்" என்று ஒதுங்க முடியாது. தம்பி, நகல் வாங்கினீர்களா?

பாகலூர் ரோடு:
இல்லை சார். இன்றைக்கு பி ஷிப்ட்தான். போனதும் எழுதிக் கேட்கிறேன். கழற்றச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

கோர்ட் வாசல்:
அதை அழிக்காதீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள்.