வெளிநாட்டு மீட்புக் குழு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று யார் சொல்வது?

மழைக்காகம்:
ரொம்ப நாள் சந்தேகம். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு எத்தனையோ நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் போய் இறங்கின. மொழி தெரியாது, ஊர் தெரியாது. விமானத்தை விட்டு இறங்கியதும் "நீங்கள் அந்தப் பக்கம் போங்கள்" என்று சொல்வது யார்? ஐ.நா.வா, ஐரோப்பிய ஒன்றியமா, அந்த நாட்டு அரசா?

பழையரேடியோ:
அந்த நாட்டு அரசுதான், மற்றவர்களெல்லாம் துணைக்கு. 1988இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது பல நாட்டுக் குழுக்கள் வந்தும் ஒருங்கிணைப்பு சரியில்லை, அந்த அனுபவத்தில்தான் 1991இல் ஐ.நா.வின் கீழ் இன்சராக் என்ற அமைப்பு வந்தது. இப்போது முதலில் வந்து இறங்கும் குழு விமான நிலையத்திலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடும். அடுத்து வருகிறவர்கள் அங்கே பதிய வேண்டும்: எத்தனை பேர், எத்தனை மோப்ப நாய், எத்தனை டன் கருவி, வண்டி வேண்டுமா, டீசல் எவ்வளவு. சாப்பாடும் தண்ணீரும் கூடாரமும் அவர்களே கொண்டுவர வேண்டும், உள்ளூர்க்காரன் பங்கில் கை வைக்கக் கூடாது. இன்சராக்கின் 'கனரக' தரம் பெற்ற குழு என்றால் ஒரே நேரத்தில் 2 இடங்களில், இரவு பகலாக 10 நாள் வேலை செய்ய முடிய வேண்டும். தேடி முடித்த கட்டடத்தின் சுவரில் ஸ்பிரே பெயின்ட்டால் ஒரு கட்டம் போட்டு, குழுவின் பெயர், தேதி, எந்த அளவுக்குத் தேடி முடித்தோம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த குழு வந்து அதே இடிபாட்டில் மெனக்கெட வேண்டாம் பாருங்கள்.

நாடோடி_77:
ஐரோப்பாவைப் பற்றிக் கேட்டீர்களே. அங்கே 2001 முதல் பேரிடர் உதவிக்கான கூட்டு ஏற்பாடு ஒன்று இருக்கிறது, ஒன்றியத்தின் 27 நாடுகளோடு வெளியிலிருந்தும் 10 நாடுகள், துருக்கியும் அதில் ஒன்று. பிரஸ்ஸல்ஸில் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் மையத்துக்கு உலகின் எந்த நாடும் கோரிக்கை அனுப்பலாம். ஆட்கள் பெரும்பாலும் உறுப்பு நாடுகளுடையவர்கள்தான், போக்குவரத்துச் செலவில் ஒரு பங்கை ஒன்றியம் ஏற்கும். 2017 காட்டுத்தீயில் எல்லா நாடும் ஒரே நேரத்தில் எரிந்தால் யார் யாருக்குத் தீயணைப்பு விமானம் தருவது என்ற சிக்கல் வந்தது, 2019இல் ரெஸ்க்-ஈயூ என்று பொதுவான கையிருப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். அப்புறம், ஒன்றியத்தின் மனிதாபிமான உதவி வேறு கணக்கு. அந்தப் பணம் ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவை, தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போகும், பெரும்பாலும் போர், பஞ்சம் மாதிரி நீண்ட நாள் அவதிகளுக்கு.

மழைக்காகம்:
சரி, அந்த அரசு கூப்பிடவே இல்லை என்றால்?

பழையரேடியோ:
வாசலில் நிற்க வேண்டியதுதான். 2023 செப்டம்பர் நிலநடுக்கத்தின்போது மொராக்கோ முதலில் 4 நாடுகளின் உதவியை மட்டும் ஏற்றது, பிரான்ஸ் தயாராக நின்றும் அழைப்பு வரவில்லை. ஒருங்கிணைப்பு கெட்டுவிடும் என்று மொராக்கோ சொன்ன காரணத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு, அரசியலும் உண்டு. 2008 நர்கிஸ் புயலின்போது மியான்மர் ராணுவ அரசு வெளிநாட்டு உதவிப் பணியாளர்களை வாரக்கணக்கில் உள்ளே விடாததுதான் கொடுமை. கடைசியில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நடுவில் புகுந்து பேசிய பிறகுதான் கதவு திறந்தது.