போர்முனைச் செய்தி சேகரிப்பு: டான்பாஸுக்குப் போகும் நிருபருக்கு இப்போது என்ன தயாரிப்பு தேவை?

இளவேனில்:
கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் போர்முனையில் இருக்கும் காலாட்படை வீரர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதத் திட்டம். சுதந்திர நிருபர், பின்னால் பெரிய நிறுவனம் இல்லை. கையில் இருக்கும் வழிகாட்டிகள் எல்லாம் 2022-ல் எழுதியவை. ஷெல் (பீரங்கிக் குண்டு) சத்தம் கேட்டால் குப்புறப் படு, காரில் பெரிய எழுத்தில் பிரஸ் என்று ஒட்டு என்கிற மாதிரி. ட்ரோன் இவ்வளவு பெருகிய பிறகு அதில் எது செல்லும், எது செல்லாது? அனுமதி, பயணம், மருத்துவம், எழுத்து என எதில் விவரம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

செங்கதிர்:
முதலில் அனுமதி. உக்ரைன் ராணுவத்தின் அங்கீகார அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது. சுதந்திர நிருபர் என்றால், உங்கள் கட்டுரையை வெளியிடுவதாக ஒரு இதழ் தரும் கடிதத்தையும் சேர்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2023 முதல் போர்ப்பகுதியை மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் அட்டை போதும். மஞ்சளில் பிரஸ் ஆஃபீசர், அதாவது ராணுவத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி, கூட வர வேண்டும். சிவப்பில் நிருபர்களுக்கு இடமில்லை. இதை மீறினால் அட்டை பறிபோகும். 2022 நவம்பரில் கெர்சன் மீட்கப்பட்டபோது அனுமதிக்கு முன்பே உள்ளே போன சில நிருபர்களுக்கு அதுதான் நடந்தது.

அட்டை மட்டும் இருந்தால் வீரர்களைப் பார்த்துவிட முடியாது. எந்த பிரிகேடோ (படைப்பிரிவோ), அதன் பிரஸ் ஆஃபீசர் சரி என்றால்தான் பயணம். அவரும் வானிலையைப் பார்த்துத்தான் சொல்வார். மூடுபனி, மழை, பலத்த காற்று உள்ள நாளில் ட்ரோன் சரியாகப் பறக்காது. விடியலும் அந்தி நேரமும் ஓரளவு பரவாயில்லை. ட்ரோனின் பகல் கேமராவுக்கு வெளிச்சம் போதாது, வெப்பக் கேமராவிலும் படம் தெளிவாக விழாது. அதனால் டான்பாஸ் நகரமான கிராமடோர்ஸ்கில் சும்மா காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு வெயில் நாளில் கிளம்பச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள்.

சாதாரண பயணக் காப்பீட்டில் போர் விலக்கப்பட்டிருக்கும்; போர்ப்பகுதிக்கென்று தனியாக எடுக்க வேண்டும். கவச உடை வாங்கப் பணமில்லை என்றால் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு உக்ரைனில் நிருபர்களுக்கு இரவல் தருகிறது, விசாரியுங்கள்.

மருதன்:
இப்போது உயிரைக் குடிப்பது பெரும்பாலும் வழிதான். பதுங்குகுழிக்குள் இருப்பதைவிட அங்கே போய்ச் சேரும் கடைசி சில கிலோமீட்டர்தான் ஆபத்து. 2023 மே 9 அன்று சாசிவ் யார் அருகே ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் வீடியோ நிருபர் அர்மான் சோல்டின் ராக்கெட் வீச்சில் இறந்தார். 2025 அக்டோபர் 3 அன்று பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அந்தோனி லல்லிகான் டான்பாஸில் ட்ரோன் தாக்கி இறந்தார். அவர் பிரஸ் என்று எழுதிய கவச உடைதான் அணிந்திருந்தார். ராக்கெட் வீசுபவருக்கு உங்கள் உடையில் எழுதியிருப்பது தெரியாது. ட்ரோன் ஓட்டுபவர் கடைசி நொடிவரை கேமராவில் பார்த்துக்கொண்டே வருகிறார். அதனால் காரில் அந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்தப் பகுதி பிரஸ் ஆஃபீசரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ட்ரோன் கண்டறியும் கருவி இல்லாமல் போகாதீர்கள். சட்டைப் பையில் அடங்கும் ‘சுக்கரோக்’ அருகே ட்ரோன் இருந்தால் ஒலி எழுப்பும். ‘சுய்கா’ அந்த ட்ரோன் அனுப்பும் அனலாக் வீடியோவையே திரையில் காட்டும். திரையில் உங்கள் கார் தெரிந்தால் குறி நீங்கள்தான். ஆனால் ஃபைபர் ஆப்டிக் ட்ரோனுக்கு இரண்டும் உதவாது. அது முடி போன்ற கண்ணாடி இழையை 10 கிலோமீட்டருக்கும் மேல் அவிழ்த்துக்கொண்டே வருகிறது. ரேடியோ அலையே இல்லை. ரேடியோ அலையைக் குலைக்கும் ஜாமரும் அதன்மேல் வேலை செய்யாது. கருவி அமைதியாக இருப்பதால் வானம் காலி என்று நினைக்கக் கூடாது.

கடைசித் தொலைவில் கார் கண்ணாடியை இறக்கி வையுங்கள், காது வேண்டும். சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைப் பூட்டாமல் வையுங்கள். சத்தம் கேட்டு கார் நின்றால் ஆளுக்கொரு பக்கம் மரங்களுக்குள் ஓட வேண்டும். ஒரே இடத்தில் கூடினால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ட்ரோன் போதும். ஷெல்லுக்குக் குப்புறப் படுப்பது இன்றும் சரி. ட்ரோனுக்கு வெட்டவெளியில் படுத்தால் மேலிருந்து முழு உடம்பும் தெரியும்.

துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள், பிடித்துக்கொள்ளக் கொடுத்தாலும். ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை, 79-வது பிரிவு, போரில் பங்கெடுக்காதவரை நிருபரைப் பொதுமகனாகவே காக்கிறது.

நச்செள்ளை:
மருத்துவப் பை பற்றி. ஆளுக்குக் குறைந்தது இரண்டு டூர்னிகெட் (கை காலில் இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை), கவச உடைக்கு வெளியே, இடது வலது எந்தக் கையாலும் எட்டும் இடத்தில். பிளாஸ்டிக் உறையை முன்பே கிழித்துவிடுங்கள். ரத்தக் கையால் கிழிக்க வராது. மலிவான போலிகள் சந்தையில் நிறைய. இறுக்கும்போது, பட்டையைத் திருகும் முறுக்குக்கோல் வளையும் அல்லது முறியும்.

காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல் கட்ட வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருந்தால் காயத்தைத் தேடாமல், துணிக்கு மேலேயே, கை காலின் உச்சியில் கட்டுங்கள். பெரும்பாலோர் தவறுவது பட்டையில். அதைக் கையால் இழுக்க முடிந்தவரை இழுத்து ஒட்டிய பிறகுதான் கோலைத் திருக வேண்டும். மூன்று சுற்றுக்கு மேல் போகிறது என்றால் பட்டை தளர்வு. அவிழ்த்து மறுபடி இழுங்கள். ரத்தம் நின்றதும் கோலைப் பூட்டி நேரத்தை எழுதுங்கள்.

அந்த நேரம்தான் பிறகு கைகாலைக் காப்பாற்றுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள், பயிற்சி பெற்றவர் பார்த்து, முடிந்தால் அழுத்தக் கட்டுக்கு மாற்ற வேண்டும். ட்ரோன் பயத்தால் ஆட்களை வெளியே எடுக்கப் பல மணி நேரம் ஆவதால், மாற்றாமல் விட்ட டூர்னிகெட்டால் கை கால் இழந்தவர்கள் அங்கே உண்டு. ஆறு மணி நேரம் தாண்டியதைக் களத்தில் அவிழ்க்கவே கூடாது. இடுப்பு மடிப்பு, அக்குள் இரண்டிலும் டூர்னிகெட் நிற்காது. ரத்தம் உறையவைக்கும் காஸ் துணியைக் காயத்துக்குள் அடைத்து மூன்று நிமிடம் முழு பலத்தோடு அழுத்துங்கள். இதையெல்லாம் படித்தால் போதாது, ஆபத்துப் பகுதிக்கான பயிற்சி வகுப்பில் இருட்டில் கட்டிப் பழக வேண்டும்.

இளவேனில்:
மிக்க நன்றி. பதுங்குகுழி வரை போகவே முடியாது என்றால், காலாட்படையைப் பற்றி நேர்மையாக எப்படி எழுதுவது?

செங்கதிர்:
முறை மாறி போர்முனையிலிருந்து வெளியே வருபவர்களிடம் பேசித்தான். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஒரே குழியில் இருந்துவிட்டு வருகிறார்கள். தண்ணீரும் பேட்டரியும்கூட ட்ரோன் மேலிருந்து போட்டுத்தான் அவர்களுக்குக் கிடைக்கின்றன. வந்த அன்றே மைக்கை நீட்டாதீர்கள். தூங்கட்டும். ஒரே குழியில் இருந்தவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்; யார் எப்போது காயப்பட்டார், கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது என்று சிறிய விஷயங்களாகக் கேட்டால் விவரம் ஒத்துப்போகிறதா என்று தெரியும். அதிகாரி பக்கத்தில் இருந்து பேசியதென்றால் அதையும் எழுதுங்கள். பிரிகேட் தரும் ட்ரோன் வீடியோ அவர்கள் வெட்டித் தொகுத்தது. அப்படியே வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

காயமுற்றோரை முதலில் கொண்டுவரும் நிலையத்தில் இரவு தங்க அனுமதி கேளுங்கள், வண்டிகள் பெரும்பாலும் இருட்டில்தான் வரும். நினைவில்லாதவர் சம்மதம் தர முடியாது. படம் எடுத்தாலும், அவர் தேறிய பிறகு கேட்டுச் சம்மதம் வாங்கும்வரை வெளியிடாதீர்கள். இறந்தவர் முகம், குடும்பத்துக்குச் செய்தி போகும்வரை கூடாது. போர்க்கைதியை வேடிக்கைப் பொருளாக்குவதை மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு தடுக்கிறது. முகம் காட்ட வேண்டாம்.

மருதன்:
படத்தின் பின்னணியைப் பாருங்கள். மின்கம்ப வரிசை, மரவரிசையில் ஓர் இடைவெளி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் புகைபோக்கி; இவ்வளவு போதும், செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைப் பிடித்துவிடுவார்கள். ட்ரோன் ஓட்டுபவர் இருக்கும் நிலவறையில் திரையின் மூலையில் வரைபட எண்கள் ஓடிக்கொண்டிருக்கும், அதை விட்டு ஃபிரேம் வையுங்கள். வண்டி எண், கோப்பில் பதிவாகும் ஜிபிஎஸ் எல்லாம் நீக்கப்பட வேண்டும். அந்தப் பிரிவு இடம் மாறிய பிறகு வெளியிடுவது நல்லது. படை இருக்குமிடத்தை வெளிப்படுத்துவது 2022 மார்ச் முதல் உக்ரைன் குற்றவியல் சட்டம் 114-2-இன்படி குற்றம். பெயருக்குப் பதில், படையில் அவரை அழைக்கும் புனைபெயர் (அழைப்புப்பெயர்) போதும்.

பிரிகேட் பார்க்கக் கேட்டால் இடம், ஆயுதம் தெரிகிறதா என்று படங்களைக் காட்டலாம். கட்டுரையை முன்கூட்டி அனுப்பாதீர்கள்.

உங்கள் ஃபிக்ஸருக்கும் (உள்ளூரில் ஏற்பாடும் மொழிபெயர்ப்பும் செய்பவர்) ஓட்டுநருக்கும் உங்களுக்கு உள்ள அதே கவசத் தகடு, அதே ஹெல்மெட், அதே காப்பீடு வாங்கிய பிறகு தேதி குறியுங்கள்.